கண்ணாடி ஊதுவது, உலோகம் வார்ப்பது: நாகர்கோவிலிலிருந்து நேரில் பார்க்கவும் பழகவும் எங்கே போகலாம்?

வெட்டூர்ணிமடம் டீச்சர்

மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். கண்ணாடி, உலோகக்கலவை என்று பாடம் வரும்போது விகிதங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். உருகிய கண்ணாடியைக் கண்ணால் பார்த்த பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. மே விடுமுறையில் விருப்பமுள்ள பிள்ளைகளை, கூட இரண்டு ஆசிரியர்களும் வர, ஒரு கண்ணாடி ஊதும் பட்டறைக்கும் ஒரு வார்ப்புப் பட்டறைக்கும் அழைத்துப்போக ஆசை. வரிசையில் நின்று பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் தின்று திரும்பும் சுற்றுலாவாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கள் கையாலும் ஏதாவது செய்ய வேண்டும்.

மாவட்டத்துக்குள்ளேயே இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமாக இருக்க வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோட்டாறு கடைவீதி

பாலத்தைக் காட்டியவர்களைக் குறை சொல்லாதீர்கள் டீச்சர். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். நம் மாவட்டத்தில் கண்ணாடி என்றால் இப்போது அதுதான் பெருமை. கண்ணாடி உலை இங்கே இருப்பதாக நான் கடை வைத்த நாளிலிருந்து கேள்விப்பட்டதில்லை. எங்களைப் போன்றவர்கள் செய்வதெல்லாம் தட்டைக் கண்ணாடியைக் கீறி உடைப்பது, விளிம்பைத் தேய்ப்பது, துளை போடுவது. வளையல், விளக்குச் சிம்னி எல்லாம் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத் சரக்கு.

ஊதுகுழல்

தக்கலைக்காரன். ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கண்ணாடிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலையைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் டீச்சர். உலையில் கிடக்கும் குழம்பை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சுருட்டி எடுத்து ஊதுவது ஒன்று. குழாயாகவே விலைக்கு வாங்கிய கண்ணாடியை மேசைமேல் இருக்கும் சுடரில் காட்டி இளக்கி ஊதுவது இன்னொன்று. பூச்சாடியும் குவளையும் முதல் வகை. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் குளிர்விப்பானும் சிக்கலான குழாய் இணைப்புகளும் இரண்டாம் வகை. நான் செய்தது இரண்டாவது.

உலை வேலை நம் பக்கம் ஏன் இல்லை என்றால், உலைக்குள் கண்ணாடி 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் எந்நேரமும் குழம்பாகவே இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுக் காலையில் வந்து மூட்டும் அடுப்பு அல்ல அது. ஆறவிட்டால் கண்ணாடி மூசையோடு, அதாவது உருக்கும் பானையோடு, சேர்ந்து இறுகும், மூசையும் வெடிக்கும். ஆகவே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். வாங்க ஆளில்லாத ஊரில் அந்தச் செலவை யார் சுமப்பார்கள்?

சுடர் வேலைக்கு ஒரு மேசை, எரிவாயு, ஆக்சிஜன் உருளை போதும். கண்ணாடி போரான் சேர்ந்த போரோசிலிகேட். சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுடரில் காட்டும்போது எளிதில் விரிசல் விடாது. குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். இளகாதவரை யாரும் உருட்டிவிடலாம். நடுப்பகுதி செம்மஞ்சளாகி இளகியதும் இடது கைக்கும் வலது கைக்கும் இடையே இருந்த பிடிமானம் போய்விடும். ஒரு கை சற்று முந்தினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். உருட்டுவதை நிறுத்தினால் தொங்கிவிடும். சுடருக்கு வெளியே எடுத்து, ஒரு கணம் பொறுத்து, பிறகு ஊத வேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டுச் சுடருக்குள்ளேயே ஊதுவார்கள். மெல்லிசான பக்கம் மட்டும் புடைத்துக் கிழிந்துவிடும்.

வேதியியல் டீச்சர் என்பதால் இன்னொன்று. சுடரில் காட்டியவுடன் கண்ணாடியிலிருக்கும் சோடியம் மஞ்சளாக எரிந்து பார்வையை மறைக்கும். அதற்காக டிடிமியம் என்ற அருமண் உலோகக் கலவை சேர்ந்த மூக்குக்கண்ணாடி அணிவோம். அணிந்ததும் அந்த மஞ்சள் மட்டும் மறைந்துபோகும், பின்னால் கண்ணாடி இளகுவது தெளிவாகத் தெரியும். சுடர்ச் சோதனை நடத்துகிற பிள்ளைகளுக்கு அந்த மூக்குக்கண்ணாடியை ஒரு முறை கையில் கொடுத்தால் பிறகு நிறமாலையைப் பற்றி நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

திருவனந்தபுரம் பக்கத்து ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பள்ளி முத்திரையோடு கடிதம் எழுதி, கண்ணாடிப் பிரிவு இயங்குகிறதா என்று கேளுங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் குழுமத்தின் நிறுவன நாள். அந்த நாள்களை ஒட்டிப் பல நிலையங்கள் மாணவர்களுக்குக் கதவு திறக்கும். மே மாதம் அதற்குத் தோதான காலம் அல்ல.

மணவாளக்குறிச்சி மணல்

சார், ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் கடற்கரை முழுக்க மணல். கண்ணாடிக்கு மூலப்பொருளே மணல்தான். பிறகு ஏன் இங்கே கண்ணாடித் தொழில் வரவில்லை?

ஊதுகுழல்

உங்கள் மணலின் மதிப்பு அதன் கறுப்பில் இருக்கிறது தம்பி. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் என்று கன தாதுக்கள். அவற்றைப் பிரிக்கத்தானே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலையே அங்கே இருக்கிறது. கண்ணாடிக்கு வேண்டியது ஏறக்குறைய முழுக்கச் சிலிக்காவாக உள்ள வெள்ளை மணல். இரும்பு கொஞ்சம் கூடினாலே கண்ணாடி பச்சை அடிக்கும். ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலை மணல் அதற்குப் பேர்போனது.

ஆனால் வார்ப்புக்கு உங்கள் மணல் உதவும். சிர்க்கான் எளிதில் உருகாது, சூட்டில் அதிகம் விரியாது. அதனால் வார்ப்படத் தொழிற்சாலைகளில் அச்சின் உள்முகத்தில் சிர்க்கான் மாவு பூசுவார்கள். கார்னெட் தேய்ப்புக்கும் மணல்வீச்சுக்கும் போகிறது. டீச்சர் பிள்ளைகளைப் பட்டறைக்கு அழைத்துப்போகும் முன் ஒரு பிடி கறுப்பு மணலையும் ஒரு காந்தத்தையும் வகுப்பில் கொடுத்து விளையாடவிடலாம்.

இரணியல்காரன், நியூஜெர்சியில்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இங்கே இதை ஒரு பொழுதுபோக்காகவும் படிப்பாகவும் நடத்துகிறார்கள். நியூஜெர்சியின் தெற்கே மில்வில் என்ற ஊரில் வீட்டன் ஆர்ட்ஸ் இருக்கிறது. 1888இல் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலையின் மாதிரியில் கட்டிய கூடத்தில் ஊதிக் காட்டுவார்கள். படிவரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். பணம் கட்டினால் ஒரு பொருளை நாமே செய்யலாம். நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் நகரில் 1951இல் திறந்த கண்ணாடி அருங்காட்சியகம் இன்னும் பெரியது.

வார்ப்புக்கு ஹாமில்டனில் கிரவுண்ட்ஸ் ஃபார் ஸ்கல்ப்சர் என்ற சிற்பத் தோட்டம். சீவர்ட் ஜான்சன் என்ற சிற்பி 1974இல் வார்ப்புக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். தோட்டம் 1992இல் வந்தது. வெண்கல மனிதர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்கள், கிட்டே போனால்தான் சிலை என்று தெரியும்.

நான் கண்ணாடி வகுப்புக்குப் போனேன். குழாயின் மறுமுனையில் ஒரு நீண்ட ரப்பர்க் குழாயைச் செருகித் தந்தார்கள். "ஊது" என்றால் ஊத வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். உருட்டியதும் உருவம் கொடுத்ததும் அந்தப் பெண்மணிதான். தண்ணீரில் நனைத்து மடித்த செய்தித்தாள் கற்றையை வெறும் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் செக்கச்செவேலென்ற கண்ணாடியை உருட்டினார். தாள் கருகி ஆவி பறந்தது. அவர் முகம் மாறவில்லை. நான் செய்த பொருளை அடுத்த நாள் வந்துதான் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

மார்த்தாண்டம் தேன்

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரப்பர்க் குழாயில் ஊதியதற்குப் பணம் வாங்கிக்கொண்டு அதை வகுப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய நகரங்களில் இப்போது மண்பாண்டத்திலிருந்து மெழுகுவத்திவரை எல்லாவற்றிலும் இந்த வியாபாரம்தான். வேலையைச் செய்வது அவர்கள், போட்டோ எடுத்துக்கொள்வது நாம். டீச்சர் பிள்ளைகளுக்கு இது தேவையா?

ஊதுகுழல்

நீங்கள் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். முரானோ தீவில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே ஓரிரு நிமிடத்தில் ஒரு குதிரை செய்து காட்டுவார்கள். கை தேர்ந்தவர்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. வெனிஸ்காரர்கள் தீ பயத்தில் 1291இல் உலைகளையெல்லாம் அந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். இன்று உலகமே டிக்கெட் எடுத்து அந்தத் தீயைப் பார்க்கப் போகிறது.

மற்றப் பாதிக்கு உடன்பட மாட்டேன். முதல் முறை வருகிறவர் கையில் குழம்புக் கண்ணாடியை முழுதாக ஒப்படைப்பது பொறுப்பற்ற செயல். அந்தக் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், நுனியில் பாரம், கொஞ்சம் அசந்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் படும். ஊதுவது வேலையில் மிகச் சிறிய பங்கு. உருட்டத் தெரிவதற்கே மாதங்கள் ஆகும். அந்தப் பெண்மணி செய்தது சரிதான். அதைப் பயிற்சி என்று விளம்பரம் செய்திருந்தால் மட்டுமே ஏமாற்று.

பார்க்கப் போகிறோமா, பழகப் போகிறோமா என்று பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் அவர் ஒதுக்கும் நேரமும் வேறு, கேட்கும் பணமும் வேறு. மழுப்பினால் இருவருக்கும் வருத்தம்.

கும்பகோணம் மருமகன்

பூதப்பாண்டியில் பிறந்து கும்பகோணத்தில் பெண் எடுத்தவன். வார்ப்பு என்றால் சுவாமிமலைதான். ஒரே நாளில் முடியாது, ஆனால் தெரிந்துகொண்டு போனால் பயன் உண்டு.

தேன்மெழுகோடு குங்கிலியமும் நிலக்கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்வார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறிப்பதை அவசியம் பாருங்கள். ஸ்கேல் இல்லாமல் முகம், மார்பு, தொடை எல்லாம் ஒரே கணக்கில் வரும். மெழுகுருவத்தின்மேல் காவிரி வண்டலை மைபோல் அரைத்துப் பூசுவது முதல் பூச்சு. விரல் ரேகைகூட அந்தப் பூச்சில் பதியும், நகையின் நுணுக்கமெல்லாம் அதில்தான் நிற்கிறது. அது நிழலில் காய்ந்த பிறகு கரடான மண், மேலே கம்பிக் கட்டு. பிறகு வறட்டித் தீயில் சுட, மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். மெழுகை முன்கூட்டியே நிறுத்து வைத்திருப்பார்கள். அதன் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும். உங்கள் பிள்ளைகள் அடர்த்திக் கணக்கை அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

செம்பு உருகவே 1,085 டிகிரி. அச்சில் துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி உலோகத்தைத் திருப்பி வீசும். அதனால் அச்சு சூடாக இருக்கும்போதே மண்ணில் புதைத்து ஊற்றுவார்கள். ஊற்றும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். கேள்வி கேட்காதீர்கள்.

தினமும் ஊற்ற மாட்டார்கள் என்பதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. அச்சுகள் சேர்ந்த பிறகு ஒரு நாள் குறிப்பார்கள். நீங்கள் போகும் நாளில் உளியால் தீட்டும் வேலை மட்டும் நடக்கலாம். "எங்களுக்காக ஒரு தடவை ஊற்றிக் காட்டுங்கள்" என்று கேட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கே கூசிவிட்டது. போனில் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளுக்குப் போங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். வெறுங்கையோடு போய் அரை நாள் வேலையைக் கெடுத்துவிட்டு, நன்றி என்று சொல்லி வருவது முறையல்ல.

பார்வதிபுரம் பயணி

மருமகன் சார் சொன்னது சரி, ஆனால் டீச்சர் ஒரே நாள் என்று கேட்டிருக்கிறார். கேரளத்துச் செங்கன்னூர் போங்கள். நாகர்கோவிலிலிருந்து நேராக ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் ஆறன்முளை, இன்னொரு பக்கம் மான்னார். இரண்டும் பக்கம்தான்.

மான்னாரில் வெண்கலப் பாத்திரம். உருளி, நிலவிளக்கு, கோயில் மணி, பந்திக்குச் சமைக்கும் பெரிய வார்ப்பு. நம் வீட்டுக் கல்யாணங்களில் பாயசம் கிண்டும் உருளிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. செம்பு நான்கு பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு என்ற அளவில் சேர்ந்தால் மணியோசை கிடைக்கும். தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறன்முளையில் வெள்ளீயத்தை இன்னும் கூட்டி, கண்ணாடியே இல்லாமல் உலோகத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி வார்க்கிறார்கள். சரியான விகிதம் அந்தக் குடும்பங்களைத் தாண்டி வெளியே போகாது, கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். வார்த்தெடுத்த தகடு மங்கலாகத்தான் இருக்கும். பிறகு நாள்கணக்கில் தேய்ப்பார்கள், மெருகெல்லாம் அந்தத் தேய்ப்பில்தான். விரல் நுனியை அதன்மேல் வைத்துப் பாருங்கள்: விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி இருக்காது. நம் வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் இடைவெளி தெரியும். டார்ஜிலிங் தேயிலைக்கு அடுத்தபடியாகப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. அந்தக் கைவினைஞர்களின் முன்னோர் நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது அங்கே வழங்கும் கதை. அதைச் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்கள்.

விலை ஆயிரங்களில். பிள்ளைகளிடம் தொட்டுப் பார்க்கும் முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

குலசேகரம் சிஸ்டர்

செவிலியர் என்ற முறையில் சில வார்த்தைகள். பருத்தி உடை போதும், பாலியஸ்டர் வேண்டாம். தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டு, தலைமுடியைக் கட்டிக்கொண்டு, மூடிய காலணி அணிந்து போகட்டும். சூடான கண்ணாடிக்கும் ஆறிய கண்ணாடிக்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. மேசையில் கிடக்கும் எதையும் தொடக் கூடாது.

பித்தளை உருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை வந்தால் அது துத்தநாகம். 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு மாலையில் குளிர்காய்ச்சல் வரும், மறுநாள் சரியாகிவிடும். பால் குடித்தால் போய்விடும் என்பது பட்டறை நம்பிக்கை; காற்றோட்டமான பக்கம் நிற்பதுதான் வைத்தியம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்துங்கள். பட்டறைக்குள் எதையும் தின்னக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம்.

கும்பகோணம் மருமகன்

சிஸ்டர், சுவாமிமலையில் ஊற்றும் முன் பூசை உண்டு. ஊற்றும் இடத்துக்குச் செருப்போடு போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள்.

குலசேகரம் சிஸ்டர்

அப்படியானால் பூசையில் வெறுங்காலோடு கும்பிட்டுவிட்டு, பத்தடி தள்ளி வந்து காலணி போட்டுக்கொண்டு அங்கிருந்து பார்க்கட்டும். முருகன் கோபிக்க மாட்டார்.

வடசேரி பொன்வேலை

எல்லோரும் மாவட்டத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிற தெரு இருப்பதை மறந்துவிட்டீர்களா? பரதநாட்டிய மேடையில் மின்னும் சிவப்புக்கல் நகை எங்கள் ஊர்க் கைவேலை. புவிசார் குறியீடும் பெற்றது. வெள்ளியில் வடிவம் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லைப் பதித்து, சுற்றிலும் பொன் தகட்டை அமுக்கி எடுப்போம்.

வெட்டூர்ணிமடம் டீச்சர்

மறக்கவில்லை அண்ணன். ஆனால் அதில் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது இல்லையே என்று நினைத்தேன்.

வடசேரி பொன்வேலை

பெரிய வார்ப்பு இல்லைதான். ஆனால் பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கணவாய் ஓட்டு வார்ப்பு. உலகம் முழுக்கப் பொற்கொல்லர்களுக்குத் தெரிந்த பழைய முறை.

ஓட்டுக்கணவாயின் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். ஒரு பக்கம் நகம் பதியும் அளவுக்கு மென்மை, மறு பக்கம் கெட்டி. நன்றாகக் காய்ந்த இரண்டு ஓடுகளை எடுத்து, மென்மையான பக்கங்களை உப்புத்தாளில் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே கீற்று வெளிச்சம்கூட வரக் கூடாது. பிறகு ஒரு சிப்பியையோ பழைய பதக்கத்தையோ நடுவே வைத்து இரண்டு கையாலும் மெல்ல அமுக்கினால் பாதி இதிலும் பாதி அதிலுமாகப் பதியும். ஊசியாலும் கீறலாம். மேலே புனல்போல் ஒரு வாய், பக்கவாட்டில் காற்றுப் போக மெல்லிய கோடுகள். இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, மணல் நிரப்பிய தட்டில் நிமிர்த்தி நிறுத்தி ஊற்ற வேண்டியதுதான்.

நாங்கள் வெள்ளி ஊற்றுவோம். பள்ளிக்கு வெள்ளீயம் போதும். 232 டிகிரியில் உருகும், இரும்புக் கரண்டியும் உங்கள் ஆய்வக அடுப்பும் தாங்கும். ஓடு கருகும்போது நாற்றம் வரும். திறந்தால் கணவாய் ஓட்டின் வளர்ச்சிக் கோடுகள் அலையலையாக உலோகத்தில் பதிந்திருக்கும். ஒரு ஓட்டில் ஒரு முறைதான் வார்க்கலாம். அடுத்ததற்கு வேறு ஓடு வேண்டும். வந்து செய்து காட்டத் தயார். ஊற்றுவது நானாக இருக்க வேண்டும், அச்சு செய்வது பிள்ளைகளாக இருக்கட்டும்.

மார்த்தாண்டம் தேன்

இதற்குப் பெயர் வகுப்பு! டீச்சர், மெழுகு வார்ப்பையும் செய்து பார்ப்பதானால் தேன்மெழுகு என் பொறுப்பு. மார்த்தாண்டத்துத் தேன்கூட்டு மெழுகு, கலப்படம் இல்லை.

குளச்சல் வலைக்காரன்

வெள்ளீயம் எதற்கு, விலை அதிகம். நாங்கள் வலைக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே உருக்கி ஊற்றுகிறோம். ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்.

குலசேகரம் சிஸ்டர்

வேண்டவே வேண்டாம். ஈயத் தூசியும் புகையும் பிள்ளைகள் உடம்பில் சேர்ந்தால் மூளையைத்தான் பாதிக்கும். உங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கும்போது உருக்காதீர்கள் அண்ணன். அடுக்களைப் பாத்திரத்திலும் உருக்காதீர்கள்.

குளச்சல் வலைக்காரன்

தலைமுறையாகச் செய்கிறோம் சிஸ்டர். இருந்தாலும் நீங்கள் சொன்ன பிறகு வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. அம்மா பழைய சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

ஊதுகுழல்

கணவாய் ஓட்டு யோசனை அருமை. கண்ணாடிக்கும் வகுப்பிலேயே ஒரு வேலை தருகிறேன். மெல்ல மெல்ல ஆறவிடாத கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். வெள்ளை இருண்டுபோகும் கோணம்வரை கூலிங்கிளாஸைத் திருப்பினால் ஸ்கேலுக்குள் இருக்கும் இறுக்கம் வானவில் கோடுகளாகத் தெரியும். எங்கள் பிரிவில் ஊதி முடித்த ஒவ்வொரு குழாயையும் இந்த முறையில்தான் சோதித்தோம். இறுக்கம் தெரிந்தால் மறுபடியும் அடுப்பில் வைத்து ஆற்றுவோம். இதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, பட்டறையில் "ஏன் நாளைக்குத்தான் தருவீர்கள்?" என்று கேட்காது.

பார்வதிபுரம் பயணி

போகிற வழியிலோ வேறொரு நாளோ பத்மநாபபுரம் அரண்மனையையும் பாருங்கள். வாசலில் தொங்கும் குதிரை விளக்கு வார்ப்பு வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள். கண்ணாடிக்குப் பதில் அதைத்தான் பதித்திருக்கிறார்கள். திங்கள்கிழமை விடுமுறை.

வெட்டூர்ணிமடம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. தலைமை ஆசிரியரிடம் இந்த இழையையே அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். மே மாதம் பள்ளி ஆய்வகத்தில் வடசேரி அண்ணனோடு கணவாய் ஓட்டு வார்ப்பு. வெள்ளீயம் மட்டும், ஈயம் இல்லை. அது முடிந்ததும் செங்கன்னூர். மான்னாரில் உலோகம் ஊற்றும் நாளைக் கேட்டு அந்த நாளுக்கே போகிறோம். பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கண்ணாடியை செப்டம்பருக்குத் தள்ளிவைத்து, கடிதத்தை இப்போதே அனுப்புகிறேன். ஊதுகுழல் சார் கூட வந்தால் பிள்ளைகளுக்கு நல்லது. சுவாமிமலை அடுத்த ஆண்டு.

நல்ல பெரிய கணவாய் ஓடு எங்கே கிடைக்கும்? நாட்டுமருந்துக் கடையில் இருப்பதெல்லாம் உடைந்த துண்டுகள்.

ஊதுகுழல்

வருகிறேன். டிடிமியம் கண்ணாடி என்னிடம் இருக்கிறது.

குளச்சல் வலைக்காரன்

ஈயத்தைத்தான் மறுத்துவிட்டீர்கள், ஓட்டையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் கிழக்குப் பக்கம் தடைக்காலம், சின்னமுட்டத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1இல்தான் தடை. ஆகவே மே மாதம் குளச்சலில் கேட்பதுதான் சரி. ஒரு சாண் நீள ஓடுகளாகப் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் காயவைத்துத் தருகிறேன். எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். காசு வேண்டாம். பஸ்ஸில் கொண்டுபோகும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.